வண்டி துடைக்கிற துணி

நேற்று பாலராமபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு துவர்த்து வாங்கினேன். கைத்தறித் துண்டு, நல்ல நீளம், கெட்டி நெசவு. கடைக்காரன் வாயாடி. "குளிச்சுத் துவர்த்தவா அப்பூப்பா, தோளில இடவா?" என்று கேட்டான். "ரெண்டும் இல்ல. ஒரு பொம்பிள பிடிச்சு இழுக்கணும், கிழியப்பிடாது" என்றேன். "இந்த வயசில எங்க போய் மாட்டினீரு?" என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நேற்று காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். துணியை மடக்கி மூக்கோடு வைத்துப் பார்த்தேன். கஞ்சிப் பசையின் மணம். அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு தடவைகூட 'நீங்கள்' என்று நான் சொன்னதில்லை. பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "ஓய் வேதக்காரி" என்பேன். "என்னவாக்கும் டிரைவரே" என்பீர்கள். மிஷன் சபைக்காரர்களை வேதக்காரர் என்று சொல்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் என் வாயில் அது எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும். இப்போது 'நீங்கள்' என்று எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது. பழகிக்கொள்கிறேன். ஆறாம் கிளாஸோடு நின்றவன் நான், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். சிரிக்க முடியாத பிழை ஒன்று வேறே இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

துவர்த்து வாங்கச் சொன்னது என் பேத்தி அனு. திருவனந்தபுரத்தில் இருக்கிறாள், ஒன்பதாம் மாதம். போன வாரம் போனில் சொன்னாள்: "அப்பூப்பா, பெறும்போ கூட நிக்கதுக்கு ஒரு அக்காவ ஏற்பாடு செய்திருக்கோம். டூலான்னு சொல்லுவினும். பேறு எடுக்க மாட்டினும். கூட இருந்து தைரியம் சொல்லுவினும், முதுகு தடவுவினும், அவ்வளவுதான். பிடிச்சு இழுக்கதுக்கு நீளமா ஒரு துணி கொண்டுவரச் சொன்னாவ. நல்ல துவர்த்தா ஒண்ணு வாங்கித் தருவீங்களா?"

"இது புதுசாக்கும் என்னா?" என்றேன்.

"ஓ, இப்பம்தான் நம்ம ஊருல வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம ஊருல இது முன்னயே உண்டு மக்கா. ஒரு வேதக்காரி இருந்தாவ" என்றேன்.

"ஆராக்கும் அப்பூப்பா? எனக்கு நீங்க சொன்னதே இல்லியே."

போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் பாறசாலை ஸ்டாண்டில் என் அம்பாசிடர் நின்ற இடம் உங்களுக்குத் தெரியும். பொழியூர் கடற்கரையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டாலும் முதலில் உங்களுக்கு ஆள் வரும், பிறகு எனக்கு. நெய்யாற்றின்கரைப் பக்கம் அந்தச் சின்ன ஆசுபத்திரியில் நீங்கள் முன்பு ஆயாவாக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் நர்சுமார் உங்களை உள்ளே விடுவார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு துணை, அதற்கு மேல் கிடையாது. அந்த ஒரு துணையாகத்தான் நீங்கள் போவீர்கள். மருத்துவச்சி என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "பேறு எடுக்கியது டாக்டரும் நர்சும். நான் கூட நிக்கியவளாக்கும்" என்று திருத்துவீர்கள். "சும்மா நிக்கதுக்கு ஒரு ஆளா? அப்போ என்னையும் கூட்டிட்டுப் போ, நானும் நல்லா நிப்பேன்" என்று நான் கேலி செய்வேன். "நிக்கது லேசுன்னு நினைச்சீரா டிரைவரே?" என்பீர்கள்.

பின் சீட்டில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாடுவீர்கள். ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவில் எத்தனை சரணம் பாட முடிகிறது என்பதுதான் உங்களுக்குக் கணக்கு. மூன்று சரணம் பாடினால், "பைய போவும், நேரம் கிடக்கு" என்பீர்கள். முதல் சரணத்திலேயே அவள் முனகிவிட்டால், "சவிட்டும் டிரைவரே" என்று குரல் மாறும், நான் ஆக்சிலேட்டரை அமுக்குவேன். ஆசுபத்திரி எவ்வளவு தூரம் என்று அந்தப் பெண் கேட்டால், "இனி ரெண்டு பாட்டு தூரம்தான் மக்கா" என்பீர்கள். நான் முன்னாலிருந்து தப்புத் தப்பாகக் கூடப் பாடுவேன். இந்துப் பெண்ணும் வேதக்காரப் பெண்ணும் அந்த வலியிலும் சிரிப்பார்கள். நீங்கள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். ஆனால் சிரிக்க வைத்ததற்கு ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை.

பிறகு உங்கள் துவர்த்து. பாலராமபுரம் துணியாக வாங்கி மூன்று தடவை வெந்நீரில் போட்டு எடுப்பீர்கள். "கஞ்சி போனாத்தான் கைக்குப் பிடி கிட்டும்" என்பீர்கள். நோவு வரும்போது ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நீங்கள் பிடிப்பீர்கள். அவள் இழுக்க இழுக்க நீங்களும் இழுப்பீர்கள். கயிறு இழுப்புப் போட்டியில் யார் ஜெயித்தது என்று நான் கேட்பேன். பொழியூரில் கடல் ஏறி ரோடு இடிந்து கிடந்த அன்றைக்குத்தான் அதைப் பற்றிய கேலியை நிறுத்தினேன். வண்டி நகரவில்லை. உள்ளே ஒரு மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நோவு முற்றிவிட்டது. நீங்கள் அவள் முதுகைத் தாங்க வேண்டியிருந்தது. "டிரைவரே, இந்த முனையப் பிடியும், விட்டுடாதியும்" என்று என் கையில் கொடுத்தீர்கள். நான் பிடித்தேன். அவள் இழுத்த இழுப்பில் என் நெஞ்சு கார்க் கதவில் போய் மோதியது. ஜனங்கள் மணலையும் கல்லையும் தள்ளி வழி பண்ணுகிறவரை பிடித்திருந்தேன். இரண்டு உள்ளங்கையும் சிவந்து எரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விடாதுங்க, ஆராயிருந்தாலும் விடாதுங்க."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தத் துணி என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும்.

உங்களுடைய இன்னொரு வழக்கத்தையும் நான் கவனித்து வைத்திருந்தேன். குழந்தையைத் துடைத்துச் சுற்றி நர்சு உங்கள் கையில் தருவார். வீட்டுக்காரர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி, குனிந்து, அதன் காதில் என்னவோ சொல்வீர்கள். நாலைந்து பேச்சுக்கு மேல் இருக்காது. பிறகுதான் திரும்பி, "பெண்பிள்ள" என்றோ "ஆண்பிள்ள" என்றோ சொல்வீர்கள். வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டு நான் இதை இருபது முப்பது தடவை பார்த்திருப்பேன். என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் அப்புறம் கேலிக்கு இடமில்லையே.

எங்கள் ஆட்களுக்கு இருபத்தெட்டாம் நாள்தான் பெயர். அன்றைக்குக் குழந்தையின் அரையில் கறுப்புச் சரடு கட்டி, அப்பூப்பன் மடியில் வைத்து, வெற்றிலையால் ஒரு காதை மூடி மறுகாதில் மூன்று தடவை பெயரைச் சொல்வார். அந்தக் காதில் விழுகிற முதல் பெயர் அதுதான் என்று நம்பிக்கை. ஒரு மழைநாள் காலையில், ஸ்டாண்டுப் பக்கத்துச் சாயக்கடையில், சவாரி இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான் ஆரம்பித்தேன்.

"எலே, இருவத்தெட்டு கெட்டுக்கு அப்பூப்பன் பேரு சொல்லும்போ நம்ம பிள்ளேரு எதுக்கு வாய் கோணிச் சிரிக்குதுவ தெரியுமா?"

"எதுக்கு?"

"முதல் நாளே வேதக்காரி காதில ஞானதாசுன்னோ ஜெபமணின்னோ ஓதியாச்சு. 'இந்தக் கிழவன் பிந்திப் போனாரே'ன்னு பிள்ள சிரிக்குவு. நம்ம இடியது ரெண்டாம் பேராக்கும்."

கடை குலுங்கியது. சாயா அடித்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு வந்ததும் எனக்கு நிறுத்தத் தெரியாது. உங்களைப் போலக் குனிந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டைக் குழந்தை போலச் சுருட்டி வைத்து நடித்துக் காட்டினேன். "கோயிலுக்குப் போவாம திரியிய பயலுவ ஒக்க அவ பிடிச்ச பிள்ளேராக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போகிறவர்கள், தாலுக்காக் கச்சேரிக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்த வேடிக்கை அப்படியே பஸ் ஏறிப் போயிற்று. தனுவச்சபுரத்தில் இறங்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

ஒரு மாதத்தில் இந்து வீடுகளில் உங்களுக்கு ஆள் வருவது குறைந்தது. பிறகு நின்றது. நான் தனியாகச் சவாரி போனேன். பின் சீட்டில் பாட்டு இல்லை, அழுகை மட்டும் இருந்தது. நான் திரும்பவும் சாயக்கடைக்குப் போய், "அது நான் சும்மா சொன்ன தமாசுதானே, நீங்க என்னத்துக்கு நம்புதிய?" என்று கேட்டேன். அதற்கு முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். "இப்பம் இவரு மாத்திச் சொல்லுவாரு! கொள்ளாம்!" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். வாழ்நாள் முழுக்கப் பொய்யை நல்ல ருசியாகச் சொல்லிப் பழகியவன் நான். உண்மை ஒன்றைச் சொல்ல வந்தபோது அதில் ருசி இல்லை.

என் மகள் கிரிஜாவை உங்களுக்குத் தெரியும். அம்மை இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அவள் ஒன்பது வயதிலிருக்கும்போது என் வீட்டுக்காரி கண்ணை மூடிவிட்டாள். ஏழாம் மாதத்தில் பேறுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து நீங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து வருவீர்கள். அடுக்களையில் ஜன்னல் கம்பியில் துவர்த்தைக் கட்டி, மூச்சு விடுவது எப்படி, இழுப்பது எப்படி என்று சொல்லித் தருவீர்கள். உள்ளே இருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். "அப்பா, எனக்கு இப்பம் பேடியே இல்ல. அக்கா கூட நிப்பாவ இல்லியா" என்பாள்.

ஒன்பதாம் மாதத்தில் சம்மந்தி அம்மா தனுவச்சபுரத்திலிருந்து வந்தார். நல்லவர், கண்டிப்பானவர். வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "அந்த வேதக்காரி வரப்பிடாது. எங்க வீட்டுப் பிள்ளைக்க காதில வேற பேரு விழப்பிடாது. ஊரே சொல்லுவு, உங்களுக்குக் கேக்கல்லியா?"

ஊர் இல்லை, நான்தான் என்று சொல்ல நாலு பேச்சு போதும். மருமகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிரிஜாவும் பார்த்தாள். நான் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பாக்கைத் தேடினேன். "உங்க இஷ்டம்போல" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடியும்போது நோவு வந்தது. என் வண்டியிலேயே கொண்டுபோனேன். பின்னால் கிரிஜா, பக்கத்தில் சம்மந்தி அம்மா. நான் பாடவில்லை. ஆசுபத்திரியில் அந்த ஒரு துணையாகச் சம்மந்தி அம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தலைசுற்றி, நர்சு ஒருவர் தாங்கி வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரத்தம் கண்டால் சிலருக்கு அப்படித்தான். திரும்ப உள்ளே போக அவருக்குத் துணிவு வரவில்லை. வேறொருவர் போகவும் விடவில்லை. வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டார். டாக்டரும் நர்சும் வந்து போனார்கள். மற்றபடி என் பிள்ளை உள்ளே தனியாகக் கிடந்தாள். "அப்பா, அக்கா வந்தாவளா?" என்று ஒரு தடவை சத்தம் கேட்டது. அப்புறம் வார்த்தையாக ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். யாரும் கூப்பிடவில்லை. கேட் பக்கத்துப் பிலாமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். நான் ஓடி வந்தேன்.

"என்னை உள்ள விட மாட்டினும், தெரியும். அதுக்கு வரல்ல" என்று பையிலிருந்து துவர்த்தை எடுத்தீர்கள். "இத அவளுக்கக் கையில குடுக்கச் சொல்லும். ஒரு முனையக் கட்டிலுக்கக் காலில கெட்டணும். மறுமுனைய அவ பிடிச்சா நான் பிடிச்சது போலயாக்கும். அவளுக்குத் தெரியும்."

வாங்கிக்கொண்டு போனேன். வராந்தா நீளம். வாசலில் சம்மந்தி அம்மாவும், அவர் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன அது?" என்று கேட்டார்.

உங்கள் துவர்த்தை எல்லோருக்கும் தெரியும், ஓரத்தில் நீலக்கரை. யார் தந்தது என்று அடுத்தாற்போல் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால், அந்தக் கதை எந்தச் சாயக்கடையில் யார் வாயில் பிறந்தது என்பதுவரை போகும். இதெல்லாம் ஒரு நொடிதான். என் வாய் எப்போதும் என்னைவிட முன்னால் ஓடுகிற வாய்.

"ஒண்ணும் இல்ல. வண்டி துடைக்கிய துணி."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்பக்கமாகப் போய் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில் வைத்து மூடினேன். பிறகு கேட்டுக்கு வந்தேன்.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

நீங்கள் போகவில்லை. சாயங்காலம் வரை பிலாமரத்தடியில் நின்றீர்கள். நான் இரண்டு தடவை வந்து பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. வலது கையை மூடி நெஞ்சோடு வைத்திருந்தீர்கள். ஜெபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோது அந்த முஷ்டி இறுகி, தோள் பின்னால் சாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தளர்ந்தது. மறுபடி இறுகியது. மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

வெயில் சாயும்போது அனு பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்சு சொன்னார். நான் கேட்டுக்கு ஓடினேன்.

"பெண்பிள்ள" என்றேன்.

"துவர்த்தப் பிடிச்சாளா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "பிடிச்சா. விடவே இல்ல. பொறவு நர்சு பறிச்சு எடுக்க வேண்டி வந்தது" என்றேன். வெறும் பொய்கூட எனக்குச் சொல்லத் தெரியாது, அதற்கும் ஒரு தொங்கல் கட்ட வேண்டும். நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். "எனக்கு அது போதும் டிரைவரே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனீர்கள்.

மறுநாள் கிரிஜாவின் கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடப் புறங்கையால்தான் தாங்கினாள். "இனி எனக்கு வேண்டாம் அப்பா" என்றாள். அவளுக்கு அனுவுக்குப் பிறகு பிள்ளை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில் கல்யாணச் சவாரிக்கு வந்திருந்தேன். ஆராதனை முடியட்டும் என்று வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மைக்கில் உங்கள் குரல் கேட்டது. சாட்சி சொல்ல எழுந்திருந்தீர்கள். "என்னை உள்ள விடல்ல. கதவு அடைச்சுக் கிடந்தது. ஆனா கர்த்தர் எனக்கத் துவர்த்த உள்ள கொண்டுபோனாரு. எனக்க மகள் அதப் பிடிச்சா, விடவே இல்ல" என்றீர்கள். உள்ளே எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் சொன்ன பொய் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது, உங்கள் ஆண்டவர் பேரோடு சேர்ந்து. சாயக்கடையில் எத்தனையோ தடவை சபையைக் கேலி செய்திருக்கிறேன், அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டேன். டிக்கி என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வேதக்கார வீட்டுப் பெண்ணின் பேறு முடிந்து, ஆசுபத்திரியிலிருந்து நீங்களும் நானும் திரும்பி வந்தோம். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பிள்ளைக்கக் காதில என்னவாக்கும் சொல்லுவ?"

நீங்கள் சிரித்தீர்கள். "இத்தன நாளு கழிச்சு இப்பம்தான் கேக்கத் தோணிச்சா? தள்ளைக்கப் பேரச் சொல்லுவேன். 'உனக்க அம்மைக்குப் பேரு இன்னது. உனக்காட்டு இத்தன மணிக்கூர் நொந்தா. மறக்காத.' அவ்வளவுதான். பிள்ளைக்குப் பேரு இடியதுக்கு நூறு பேரு வருவினும். பெத்தவளுக்கப் பேர அண்ணைக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டினும். 'தள்ளைக்கு எப்படி உண்டு'ன்னுதான் கேப்பினும்."

வண்டி எப்படியோ போய்க்கொண்டிருந்தது. நீங்களே மறுபடி சொன்னீர்கள்: "சாயக்கடையில நடிச்சுக் காட்டினது நீருன்னு எனக்கு அப்பமே தெரியும். நல்லா நடிச்சீருன்னு சொன்னாவ. நானும் சிரிச்சேன். பொறவு வீடு வீடா கதவு அடைச்சப்போதான் சிரிப்பு வரல்ல." ஜன்னல் கண்ணாடியை ஏற்றினீர்கள். "செரி, போட்டு. உம்ம மவளுக்கு எனக்கத் துவர்த்தையாவது கொண்டுபோய்க் குடுத்தீரே. அதில எல்லாம் தீந்துபோச்சு."

நான் ஹாரன் அடித்தேன். ரோட்டில் ஒருவரும் இல்லை.

இருபத்தெட்டாம் நாள் மருமகனின் அப்பா அனுவின் காதில் மூன்று தடவை பெயர் சொன்னார். பிறகு பிள்ளை ஒவ்வொரு மடியாக வந்தது. என் மடிக்கு வந்தபோது குனிந்து, "உனக்க அம்மைக்குப் பேரு கிரிஜா. ஒரு பகல் முழுக்க நொந்தா. தனியாட்டு நொந்தா" என்றேன். "என்ன மாமா, காதில தமாசா?" என்று மருமகன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில வீடுகள் உங்களைத் திரும்பக் கூப்பிட்டன, எல்லா வீடும் இல்லை. நான் வண்டியை விற்றபோது டிக்கியிலிருந்து அதை மட்டும் எடுத்து என் இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தேன். உங்கள் அடக்கத்துக்கு வந்தபோது அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். சவப்பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று ஒரு எண்ணம். வரிசையில் நின்று பக்கத்தில் வந்ததும் உங்கள் மகன், "டிரைவர் மாமாவாக்கும். அம்மை எப்பவும் உங்களச் சொல்லுவாவ, துவர்த்துக் கதைய" என்றான். திரும்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நேற்று புதுத் துவர்த்தைக் கிரிஜாவிடம் கொடுத்தேன். இப்போது அவள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள். "கஞ்சி போகணும், மூணு தடவை வெந்நீரில போடு" என்றேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அடுப்பில் பானையை வைத்தாள். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பழையதை எடுத்து வந்தேன். நீலக்கரை மங்கவே இல்லை. ஸ்டெப்னி டயரின் கறுப்பு ஒரு மடிப்பில் மட்டும் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சாயக்கடையிலிருந்து பிலாமரம் வரை. எங்கேயும் தொங்கல் கட்டவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கதையை நான் இவ்வளவு மோசமாகச் சொன்னது கிடையாது.

பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கிரிஜா கையைத் துடைத்துவிட்டுப் பழைய துவர்த்தை வாங்கினாள். ஒரு முனையை முஷ்டியில் சுற்றி மெல்ல இழுத்துப் பார்த்தாள். மறுமுனை என் கையில் இருந்தது.

"அண்ணைக்கு நான் அக்காவத்தான் வெறுத்தேன் அப்பா" என்றாள். "வாறேன்னு சொல்லிட்டு வரல்லியேன்னு. இந்நாள் வரை."

உங்களுக்கு நான் செய்தவற்றில் இது ஒன்று எனக்கே தெரியாமல் கிடந்திருக்கிறது. இனி இதையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்.

அவள் இரண்டு துவர்த்தையும் பானையில் போட்டாள். கரண்டிக் காம்பால் அமுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "அக்காவுக்குப் பேரு என்ன? எல்லாரும் வேதக்காரின்னுதானே சொல்லுவினும். அனுவுக்குச் சொல்லணும்."

நான் சொன்னேன். அத்தனை வருடம் உங்களோடு வண்டி ஓட்டியவன், உங்கள் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பானை கொதிக்கிற சத்தத்தில் பாதி போயிற்று.

"சரியாட்டுக் கேக்கல்ல அப்பா" என்றாள். "இன்னொருக்கச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன்.